வரியை என் பேரில் எழுதச் சொல்

சாம்,

பஸ் கிளம்புவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டாய்: "ஏம்மா இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? காலேஜ் சீட்டுதான் கெடச்சாச்சுல்லா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் இன்ஹேலர் பையின் முன்பக்கத்தில்தானே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். பஸ் புது பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே திரும்பிய பிறகும் நான் அங்கேயே நின்றேன். அம்மா பயத்தில் நிற்கிறாள் என்று நினைத்திருப்பாய். பயமும் இருந்தது. உனக்கு இரவில் மூச்சு இழுத்தால் ஹாஸ்டலில் யாரை எழுப்புவாய் என்கிற பயம் இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது கோபம். அதில் ஒரு பங்கு உன் மேல். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எனக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை, வயதானவள் பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுகிற கடிதம் என்று இதை நினைத்துவிடாதே. உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

நேற்று சாயந்திரம் உன் மாமா ஒரு பெட்டி மிட்டாயும் சட்டைத் துணியும் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு நம் வாடகை வீட்டுக்கு வந்தார். இரண்டு வருஷமாக நாம் இங்கே குடியிருக்கிறோம். அதுவரை அவர் படியேறியதில்லை. வந்தவர் உன் தோளில் கைபோட்டு, "மருமவனே, இந்த வருசம் அசனத்துக்கு ஒன் பேருல வரி எழுதியாச்சு. பதினெட்டு முடிஞ்சிட்டுல்லா, இனி நீ தனித் தலைக்கட்டு. ஒங்கம்மையும் அதுக்குள்ள வந்துருவா" என்றார். நீ ஒரு நொடி யோசிக்கவில்லை. "சரி மாமா, தேங்க்ஸ் மாமா" என்றாய். நான் தோசைக்கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன். "அம்மைக்கு ஆனந்தக் கண்ணீரு" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. நீ சிரித்ததும் கேட்டது.

உனக்கு அந்த வரி என்னவென்று முழுசாகத் தெரியாது, நீ பார்த்தது ஒன்றிரண்டு அசனம்தான். நம் ஊர்க் கோவில் பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்த மறுநாள் கோவில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும் பொங்கி ஊரே சேர்ந்து சாப்பிடுவதுதான் அசனம். சென்னையில் இருப்பவன், மும்பையில் இருப்பவன், துபாயில் இருப்பவன் எல்லாம் அதற்கு வருவான். வர முடியாதவன் வரியை அனுப்பிவைப்பான். ஒரு ஆம்பிளைக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு தலைக்கட்டுக்கு ஒரு வரி. வரி கொடுத்த வீட்டுக்காரர்கள், பட்டியலில் பேர் கூப்பிட்டதும், பாத்திரம் கொண்டுபோய்த் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம். வெளியூர்க்காரர்களுக்குப் பந்தியில் இலை போடுவார்கள், அதற்கு விருந்தாளிப் பந்தி என்று பெயர். கல்யாணமாகிப் போன பெண்ணும் அந்தப் பந்தியில்தான் உட்கார வேண்டும். பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்த அதே கோவில் வளாகத்தில் நான் கல்யாணத்துக்குப் பிறகு விருந்தாளியாக இலை முன் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கூட இரண்டு துண்டு கறி வைத்தார்கள், சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

உறைக்க ஆரம்பித்தது உன் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் வந்த பிறகுதான். மும்பையில் நாம் இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று காலி செய்யச் சொன்னபோது, அப்பா சரக்குக் கிட்டங்கி வேலையை விட முடியாது என்பதால் அவரை அங்கே விட்டுவிட்டு நீயும் நானும் இங்கே வந்தோம். நீ பத்தாம் வகுப்பு வரை அங்கே, பதினொன்றும் பன்னிரண்டும் இங்கே. இப்படிப் பாதியில் மாறினால் என்ன ஆகும் என்று நம்மிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. மகாராஷ்டிராவில் கேட்டால், பத்தும் பன்னிரண்டும் இரண்டுமே எங்களிடம் படித்திருந்தால்தான் எங்கள் பிள்ளை என்றார்கள். இங்கே கேட்டால், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே படித்திருந்தால் கேள்வியே இல்லை, இல்லையென்றால் பிறப்பிடச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். உன் மார்க்குக்கு மாநிலப் பட்டியலில் கால்நடை மருத்துவம் கிடைக்கும் என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் பட்டியலுக்குள் நுழைய முடியாவிட்டால் மிச்சமிருக்கும் வழிகள் எல்லாம் அப்பாவின் சம்பளத்துக்கு எட்டாதவை. தெருநாய்க்குக் கட்டுப்போட்டுவிட்டுக் கடி வாங்கி வந்த பிள்ளை நீ. உன்னை வேறு ஏதாவது டிகிரி படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அப்பாவுக்கு வந்தது. "சவத்த விடு, எங்கயாவது ஒரு பி.காம். படிக்கட்டும்" என்றார் போனில். அன்றைக்கு நான் அவரிடம் பேசியதை நீ கேட்டிருக்கிறாய். அதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்பப் பெறவில்லை.

அப்பா மும்பையிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் நாசரேத் பக்கத்திலிருந்து கிளம்பிப் போன குடும்பம், இன்றைக்கு அங்கே அவர்களுக்கு இரண்டு கல்லறையைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கோ எல்லாம் இங்கேதான். சேரன்மகாதேவி போகிற வழியில் ஆற்றை ஒட்டிய ஊர், நடந்து போன பள்ளிக்கூடம், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன பாளையங்கோட்டைக் கல்லூரி. இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணம். ஆனாலும் படிப்பை விடமாட்டேன் என்று திரும்பி வந்து, கடைசிப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். மேஜைக்கும் எனக்கும் நடுவில் நீ இருந்தாய். விடைத்தாளை உன் மேல் சாய்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அதனால் என் ஊர்தானே உன் ஊர், இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று நம்பி இ-சேவை மையத்தில் மனுவைப் போட்டேன். விலாசம் என்று என் அப்பா கட்டிய வீட்டைக் கொடுத்தேன், இப்போது உன் மாமா இருக்கும் வீடு.

விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் பைக்கில் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நாமும் போயிருந்தோம். மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் கேட்டை மறித்த மாதிரி நின்றார். உள்ளே வாங்க என்று அந்த அலுவலரையும் கூப்பிடவில்லை, நம்மையும் கூப்பிடவில்லை.

"தங்கச்சிதான் சார், இல்லன்னு சொல்லல. ஆனா கெட்டிக் குடுத்த பொண்ணு. நல்லது கெட்டதுக்கு வருவா, போவா. இருப்பு இங்கன கெடையாது."

"அப்ப பையன்?"

"பையன் பம்பாய்ல்லா."

அலுவலர் உன் பக்கம் திரும்பி, "தம்பி, ஒனக்கு எந்த ஊரு?" என்றார். நீ நிமிர்ந்து நின்று, "மும்பை சார்" என்றாய்.

எதிர் வீட்டு ஜெபமணி அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏலே, நீ கெடந்த தொட்டில்லதானல அவளும் கெடந்தா. இப்ப என்னமோ வழி கேட்டு வந்தவள மாதிரி வாசல்ல நிப்பாட்டிப் பேசுத" என்று கத்தினாள். மாமா அவளைப் பார்க்காமல், "அக்கா, இது கவர்மெண்டு காரியம், அடுப்பப் பாருங்க" என்றார். "எங்க வீட்டு அடுப்பு நல்லாத்தான் எரியுது. ஒன் வயித்துலதான் எரியுது போல" என்றாள் அவள். அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு வாய்க்கால் கரையில் பஸ்ஸுக்கு நான் உனக்கு முன்னால் வேகமாக நடந்து போனேன். உண்மையைச் சொன்ன பிள்ளை மேல் கோபப்பட்டேன். பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே, கேட்டதற்குச் சொன்னாய், உன் மேல் தப்பில்லை. அந்தக் கோபம் அன்றைக்கே ஆறிவிட்டது. உன் மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்பதுதான் ஆறவில்லை. என் அப்பா அந்த வீட்டை யார் பேருக்கும் எழுதி வைக்காமல் போய்விட்டார். நான் இந்த ஊர்க்காரி, அந்த வீட்டு விலாசக்காரி என்று ஒரு அரசாங்கக் காகிதம் பிறந்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு நாளைக்குப் பங்கு கேட்பேன் என்கிற பயம் அவருக்கு. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. உன் படிப்புக்கு ஒரு சான்றிதழ் கேட்டேன், அவர் காதில் அது செங்கல்லும் ஓடுமாக விழுந்தது.

மனு திரும்பி வந்தது. தந்தை இந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். கவுன்சிலிங்குக்குச் சான்றிதழ்களை ஏற்ற வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாய். நான் என் சான்றிதழ்களை எல்லாம் அள்ளிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். என்ன நடந்தது என்று உன்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன், இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

"அப்பா ஊரு ஆதாரம் கொண்டாங்கம்மா" என்றார் அங்கே இருந்த எழுத்தர்.

"அவங்க அங்க பொறந்தவங்க சார். நான் இங்க பொறந்தவ. இது எல்லாம் என்னோடது."

"ஒங்களுக்குக் கேட்டா ஒடனே தந்துருவோம். இது பையனுக்குல்லா."

"பையன் எனக்குப் பொறந்தவன்தான் சார்."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வழக்கமா அப்பாவத்தாம்மா பாப்போம்" என்றார்.

"பெற்றோர்னுதான சார் போட்டிருக்கு. அதுல நான் கெடையாதா?"

"இருக்கீங்க. ஆனா..."

"அந்த ஆனாவ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அம்மா கணக்குல கெடையாதுன்னு எழுதிக் குடுத்திருங்க, நான் போயிருதேன்."

அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கே அழுதவள் நான். எழுத்தர் எழுந்து தாசில்தார் அறைக்குள் போனார், கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தாசில்தார் கெட்ட மனிதர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒண்ணு மட்டும் புரியலம்மா. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான நம்ம பக்கத்து வழக்கம்? நீங்க இந்த ஊர்க்காரிங்கிறீங்க, பையன் அங்க பொறந்திருக்கானே?" என்றார்.

சாம், அந்தக் கேள்விக்கு "அப்பிடி ஆயிப்போச்சு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உனக்கும் இத்தனை வருஷமாக அதையேதான் சொல்லியிருக்கிறேன். பரீட்சை முடிந்து நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். என் அம்மா முன்னமே இறந்துவிட்டாள், என் அப்பாவும் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாமாவுக்கு அப்போதுதான் கல்யாணம். ஒருநாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, "ஏட்டி, இங்கன ஒன்னப் பாக்க யாரு இருக்கா? இவளே புதுசு. அங்கன பெரிய பெரிய ஆசுபத்திரி இருக்கு, அங்கனயே போயிப் பெத்துக்கிடு" என்றார். டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் இருந்த அம்மாள், "இந்த நெலமையில பொறந்த வீட்டுக்குப் போவாங்க, நீ பொறந்த வீட்ட விட்டுப் போறியே" என்று கேட்டாள். நீ மும்பையில் பிறந்தது தற்செயல் இல்லை. உன் மாமா உன்னை அங்கே அனுப்பிவைத்துப் பிறக்க வைத்தார். பதினெட்டு வருஷம் கழித்து அதே மனிதர் அதே வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "பையன் பம்பாய்ல்லா" என்கிறார்.

தாசில்தார் மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டார். உள்ளூர் சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றார், கூடப் பிறந்தவர் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார். மறுபடியும் அந்த வாசலுக்குப் போனேன், உனக்காகப் போனேன். "கையெழுத்துன்னா சும்மாவா? பின்னால அது எங்க போயி நிக்கும்னு யாருக்குத் தெரியும்? வக்கீலக் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார் மாமா. இன்றைக்கு வரை சொல்லவில்லை. ஜெபமணி அக்கா சேலையை மாற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டாள். இரண்டாவது ஆளாக வந்தவர் முக்குக் கடை மைதீன் அண்ணாச்சி. "இந்த அம்மாவ ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அலுவலர் கேட்டதற்கு, "எங்கடையில கடலமுட்டாய் களவாண்ட புள்ள சார். எத்தன தடவன்னு எனக்குத் தெரியும், அதுக்கும் தெரியும். வெளியூர்க்காரி வந்து இம்புட்டு உரிமையா எடுப்பாளா?" என்றார். அலுவலர் அதை அப்படியே எழுதவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இந்த முறை நமக்குச் சாதகமாக எழுதினார். கடைசி நாளுக்கு முந்தின நாள் சான்றிதழ் வந்தது. உன்னைத் தட்டி எழுப்பிக் காட்டினேன். நீ உன் பெயரைப் பார்த்தாய், கீழே பார்க்கவில்லை. நான் அதில் முதலில் தேடிக் கண்டுபிடித்தது என் பெயரைத்தான்.

சீட்டுக் கிடைத்த செய்தி பரவியதும் உன் மாமா கோவிலில் எழுந்து நின்று, "எங்க வீட்டுப் பையன் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறான், ஸ்தோத்திரம்" என்று சொன்னாராம். ஊர் கை தட்டியதாம். அந்த மகிமையோடுதான் நேற்று மிட்டாய்ப் பெட்டி வந்தது. இப்போது அவருக்கு நீ வேண்டும். டாக்டர் மருமகன் ஊர் வரிப் பட்டியலில் இருப்பது அவருக்குக் கௌரவம், அதில் வீட்டுக்கும் ஆபத்து இல்லை. நான் மட்டும் இன்னும் ஆபத்து. அதனால் என்னை உனக்குள் மடித்து வைத்துவிடப் பார்க்கிறார். "ஒங்கம்மையும் அதுக்குள்ள வந்துருவா." யோசித்துப் பார். என்னால்தான் உனக்கு இந்த ஊர். தாலுகா ஆபீசில் மல்லுக்கு நின்று நான் வாங்கி உன் கையில் கொடுத்த ஊர். அதைக் கொடுத்தவளை இனிமேல் வாங்கியவன் பேரில்தான் ஊருக்குள் சேர்ப்பார்களாம். அதற்கு நீ தேங்க்ஸ் சொன்னாய். தெரியாமல் சொன்னாய், எனக்குப் புரிகிறது. ஆனால் இவ்வளவு நடந்தும் தெரியாமல் இருக்க முடிந்ததே உனக்கு, அதுதான் என் கோபம்.

உன்னை பஸ் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஊருக்குப் போனேன். அசனக் கமிட்டிச் செயலாளர் கோவில் வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். என் பேரில் வரி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"பொம்பளைக்கு வரி கெடையாதும்மா. ஒனக்கு லாபந்தான?"

"அந்த லாபம் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"அதான் ஒம்மவன் பேருல எழுதியாச்சுல்லா? அவனும் சரின்னுட்டானாம். ஒரே வீட்டுக்கு ரெண்டு வரி எதுக்கு?"

"அவன் வேண்டாம்னு சொன்னா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொல்லட்டும், பாப்போம். இதுவரைக்கும் எந்தப் பயலும் சொன்னதில்ல" என்றார்.

ஆக, காரியம் உன் கையில் இருக்கிறது. நீ இனி மாட்டு ஆஸ்பத்திரியில் உட்காரப் போகிறவன். ஆட்டைப் பிடித்துக்கொண்டு பெண்கள்தான் வருவார்கள். சீட்டு எழுதுகிறவர்கள் "வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று கேட்பார்கள். அந்த ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டவள், குட்டியைக் கையில் ஏந்தி எடுத்தவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள், சீட்டில் வேறு பெயர் இருக்கும். நீ அப்படி எழுதாதே. உன் முன்னால் நிற்கிறவளிடம் அவள் பெயரைக் கேட்டு எழுது. இதைத் தவிர உனக்குச் சொல்ல இப்போதைக்கு என்னிடம் வேறு புத்திமதி இல்லை. சாப்பாட்டில் காரம் அதிகமிருந்தால் மோர் வாங்கிக்கொள். தூசியில் படுக்காதே.

அசனத்துக்கு முன்னால் கமிட்டியிலிருந்து உனக்குப் போன் வரும். புதுத் தலைக்கட்டு என்றால் அவர்களே கூப்பிட்டு ஒரு முறை உறுதி செய்துகொள்வார்கள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் இருந்துவிடாதே. மாமா மனசு கஷ்டப்படும், ஊரில் என்ன நினைப்பார்கள் என்று இழுக்காதே. என் பேரை எடுத்துவிட்டு எங்கம்மா பேரை எழுதுங்கள் என்று சொல். ஏன் என்று கேட்டால், என் ஊர் அவங்க குடுத்ததுதான் என்று சொல், அதுதான் உண்மையும்.

பண்டிகை மறுநாள் நான் பெரிய தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போவேன். விருந்தாளிப் பந்தியில் இனி உட்காரமாட்டேன், வரி கொடுத்தவர்கள் வரிசையில் நிற்பேன். என் பேரைக் கூப்பிட்டால் உனக்கும் சேர்த்து வாங்கி வருவேன். உன் பேரைக் கூப்பிட்டால் காலிச் சட்டியோடு வீட்டுக்கு வந்து ரசம் வைத்துக்கொள்வேன்.

அம்மா